அண்ணன் ஈரலில் ஒரு தண்ணீர்ப் பை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நாங்கள் மூவரும் நலமாக இருக்கிறோம். எல்லாக் கடிதத்திலும் பழக்கத்துக்கு எழுதுகிற வரிதான். இந்த முறை மட்டும் எழுதிவிட்டு அதையே இன்னொரு தரம் வாசித்துப் பார்த்தேன். உன் அண்ணன் வெளியே நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஆட்டுத் தண்ணீர்த் தொட்டியை நான் ஒழுங்காகத் தேய்க்கவில்லை என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தத் திட்டைக் காதில் வாங்கிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். அதனால் இனி வருகிற சமாசாரத்தைப் பதறாமல் படி. எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

உன் அண்ணனுக்கு ஈரலில் ஆபரேஷன் நடந்தது. தையல் பிரித்தாயிற்று. நன்றாகச் சாப்பிடுகிறார்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று உனக்குக் கோபம் வரும். உன் கப்பலிலிருந்து வருகிற போனில் பாதிப் பேச்சைக் கடல் குடித்துவிடுகிறது. ஈரல், கட்டி, ஆபரேஷன் என்று மூன்று வார்த்தை மட்டும் உன் காதில் விழுந்து மற்றதெல்லாம் விழாமல் போயிருந்தால், அந்த இயந்திர அறைக்குள் நீ என்ன பாடு பட்டிருப்பாய்? அதுதான் உட்கார்ந்து முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஆடுகள் குட்டி போடுகிற பருவத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஆட்டைத் தூக்கும்போது உன் அண்ணன் வலது இடுப்பில் அணைத்துத்தானே தூக்குவார்? இந்த வருடம் எல்லாவற்றையும் இடது பக்கமே அணைத்துத் தூக்கினார். என்ன என்று கேட்டால் வாயு என்றார். அவருக்குத்தான் எல்லா நோயும் வாயு ஆயிற்றே, கால் சுளுக்கினால்கூட. பிறகு பார்த்தால் சாப்பாடு குறைந்தது. இடுப்பு வார் ஒரு துளை உள்ளே போனது. ஆனால் வலது விலாவுக்குக் கீழே மட்டும் சட்டை கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. ஆட்டுக்கு வயிறு உப்பினால் தொட்டுப் பார்க்கிறோம், கட்டின புருஷனுக்குப் பார்க்கக் கூடாதா என்று ஒரு நாள் அழுத்திப் பார்த்துவிட்டேன். கல் மாதிரி இல்லை. காற்றடைத்த பந்து மாதிரி இருந்தது.

சின்ன ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த பெண் முதலில் மழை இல்லை, வெயில் கடுமை என்று நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று பேச்சு நின்றது. "கொஞ்சம் இருங்க, டாக்டரைக் கூட்டிட்டு வரேன்"னு எழுந்து போனாள். வந்த டாக்டரும் திரையைப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஈரலில் பெரிய கட்டி ஒன்று இருக்கிறது, என்ன கட்டி என்று இங்கே சொல்ல முடியாது, நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார். அவர் அந்த வியாதியின் பெயரைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் முறை கிடைக்கும் வரைக்கும் இருந்த நாட்களைத்தான் என்னால் மறக்க முடியாது. தம்பி, உன் அண்ணன் அந்த நாட்களில் ரொம்ப நல்லவராகிவிட்டார். சர்க்கரை போட மறந்து டீயைக் கொடுத்தேன். குடித்துவிட்டு "நல்லாயிருக்கு" என்றார். வேறு நாளாயிருந்தால் ஊருக்கே கேட்டிருக்கும். நீ இருந்தபோதிலிருந்து ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்த கொட்டகைக் கதவை நிமிர்த்திக் கீல் மாற்றினார். மண்ணுக்குள் போகிற தண்ணீர்க் குழாய் எங்கே இணைகிறது, எந்த ஆடு குட்டியை ஒதுக்கும், எந்தக் கிடா பின்னாலிருந்து முட்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். இதெல்லாம் எனக்கு எதற்கு என்று கேட்டேன். "தெரிஞ்சு வச்சுக்கோ, ஒண்ணும் கெட்டுப்போகாது" என்றார். நான் கம்பளி மூட்டைக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, குழாய் இணைப்பைப் பார்த்துக்கொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மா ஒருத்தர். மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, அதையே மேசையெங்கும் தேடுகிற ஆள். இவரிடமா உயிரைக் கொடுக்கப் போகிறோம் என்று எனக்குக் கலக்கம்தான். படங்களை விளக்குப் பலகையில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். பிறகு நோயைப் பற்றி ஒன்றும் கேட்காமல், என்ன தொழில் என்று கேட்டார். செம்மறி ஆடு என்றோம். நாய் இருக்கிறதா என்றார். பட்டி என்றால் நாய் இல்லாமலா என்றேன். ஆட்டை வீட்டிலேயே அறுப்பது உண்டா, குடலையும் ஈரலையும் என்ன செய்வீர்கள் என்றார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஒரு மனுஷன் கட்டியோடு வந்து உட்கார்ந்திருக்கிறான், இந்த அம்மா ஆட்டுக் குடலைப் பற்றி விசாரிக்கிறாரே!

பிறகு உன் அண்ணனைப் பார்த்து, நாயைத் தொட்டுத் தடவுகிற பழக்கம் உண்டா என்று கேட்டார். நான் சிரித்தே விட்டேன். இவரா? நீ அந்த நாயைக் குட்டியாகத் தூக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து, "வேலை செய்யுற பிராணிக்குக் கொஞ்சல் எதுக்கு"னு உன்னைத் திட்டினவர் ஆயிற்றே. ஆடுகளுக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஓட்டுகிற மாதிரி நடக்கிறது என்று நீ அதற்கு வாத்தியார் என்று பெயர் வைத்தபோதும் முகத்தைச் சுளித்தவர். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு "எப்பவாச்சும்" என்றார். டாக்டரம்மா விடவில்லை. "எப்பவாச்சும்னா?"

"தினமும்தான்" என்றார் உன் அண்ணன். "தம்பி போனதிலேர்ந்து அது சரியா சாப்பிடல. பக்கத்துல உக்காந்து தடவிக்கொடுத்தாத்தான் வாய் வைக்கும்."

எத்தனை வருடம் இந்த மனுஷரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். எனக்கு இது தெரியாது.

இரத்தத்தை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து, "நீங்க பயந்த வியாதி இல்ல. இது புழு" என்றார்.

"புழுவா? வெறும் புழுவா?" என்று நான் கேட்ட கேள்வி வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். உலகத்தில் புழு என்ற வார்த்தையைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிக்கிறேன், கண்ணீர் கொட்டுகிறது, மூக்கு ஒழுகுகிறது. உன் அண்ணன் தன் துண்டை நீட்டி, "மானத்த வாங்காத" என்றார். சர்க்கரையில்லா டீயை நல்லாயிருக்கு என்ற நாளுக்குப் பிறகு அவர் என்னை அதட்டியது அன்றுதான்.

டாக்டரம்மா காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். நாயின் குடலில் ஒரு நாடாப்புழு இருக்கிறது. பெயர்தான் நாடா, அளவில் ஒரு அரிசியைவிடப் பெரிதில்லை. நாய்க்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. அதன் முட்டை நாயின் மலத்தோடு வந்து புல்லில் கிடக்கிறது, நாயின் மயிரிலும் ஒட்டிக்கொள்கிறது. ஆடு அந்தப் புல்லை மேய்கிறது. ஆட்டுக்குள் போன முட்டை ஈரலிலோ நுரையீரலிலோ போய் உட்கார்ந்து தண்ணீர்ப் பையாக ஊதுகிறது. அந்தப் பையை நாய் பச்சையாகத் தின்றால், மறுபடி நாய்க்குள் புழு. இப்படி நாய்க்கும் ஆட்டுக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருக்கிற வண்டி. மனுஷன் கையைக் கழுவாமல் சாப்பிட்டு, வழி தெரியாமல் நடுவில் ஏறிவிடுகிறான். ஏறினவனுக்கு ஈரலில் ஆட்டுக்கு வருகிற அதே பை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது, வேகவைத்த கறியாலும் வராது.

உனக்கு ஞாபகம் இருக்கும். ஆடு அறுக்கும்போது ஈரலில் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர்க் கொப்புளம் இருந்தால் நாம் என்ன செய்வோம்? இது மனுஷன் தின்ன ஆகாது என்று வெட்டி நாய்க்கு வீசுவோம். அதைச் சுத்தம் என்று நினைத்தோம்.

இதைப் படித்துவிட்டு, என் நாயால்தானே என்று நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நானும் அதை நினைத்துத்தான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். இந்தப் பை மெதுவாக வளர்கிறது, பல வருடத்துச் சரக்கு, எந்த நாய், எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். வாத்தியாருக்கு முன்னால் இரண்டு நாய் இருந்தன. அவற்றுக்கும் நாம் எல்லோரும்தான் ஈரலை வீசினோம்.

இந்த இடத்தில் நேற்று நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ஒரு குட்டி கம்பிவேலியில் தலையை மாட்டிக்கொண்டு தன் பாட்டனைக் கூப்பிடுகிற மாதிரி கத்தியது. உன் அண்ணன் நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் குட்டியே பயந்து தலையை உருவிக்கொண்டது.

சரி, ஆபரேஷனுக்கு வருகிறேன். உடனே செய்ய முடியாது என்றார்கள். முதலில் மாத்திரை கொடுத்துப் புழுவை அடக்க வேண்டும். அதுவரைக்கும் பை உடையக் கூடாது. உள்ளே உடைந்தால் அந்தத் தண்ணீரே விஷமாகி உயிருக்கு ஆபத்து. தப்பினாலும் வயிறு முழுக்கப் புதிதாகப் பைகள் முளைக்கும். ஆகையால் பாரம் தூக்கக் கூடாது, விழக் கூடாது, வயிற்றில் இடி படக் கூடாது. ஆட்டுக்காரனிடம் போய் இடி படாமல் இரு என்கிறார்கள்! மேஸ்திரி என்று பேர் வைத்த நம் பெரிய கிடாவுக்கு முட்டுவதைத் தவிர வேறு வேலையே கிடையாது என்பது உனக்குத் தெரியும். பட்டிக்கு வெளியே நாற்காலியைப் போட்டு, இதைத் தாண்டி ஒரு அடி வைத்தால் நான் என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டேன். "போய்ட்டு எப்ப வருவ?" என்று கேட்டார். ஆனால் தாண்டவில்லை.

பட்டி வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. மற்றதெல்லாம் சமாளித்துவிட்டேன். வாத்தியார்தான் என்னை மதிக்கவே இல்லை. நான் வா என்றால் படுக்கும், படு என்றால் கொட்டாவி விடும். விசிலுக்குத்தான் அசையும் என்றார் உன் அண்ணன். இந்த வயதில் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிக்கக் கற்றுக்கொண்டேன், தம்பி. முதலில் வெறும் காற்று, அப்புறம் எச்சில், அப்புறம் ஒரு நாள் நிஜமான விசில். வாத்தியார் காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஆடுகளை மேட்டிலிருந்து அப்படியே வளைத்துக் கொண்டுவந்து நிறுத்தியது. உன் மகள் மாதிரி நீ தூக்கி வளர்த்த சின்னவள், அம்மா ரவுடி ஆகிவிட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

நோய் இன்னதென்று தெரிந்ததும் பக்கத்துப் பட்டிக்காரர் வந்தார். நீதான் அவருக்கு முள்ளுக்கம்பி என்று பெயர் வைத்தாய். ஆள் இன்னும் அப்படியேதான் இருக்கிறார். நாயை வைத்துக்கொண்டு ஏன் அவஸ்தை, கொடுங்கள், நான் முடித்துவிடுகிறேன் என்றார். எனக்குக்கூட அந்த நேரத்தில் மனசு ஒரு பக்கம் சாய்ந்தது, பொய் சொல்வானேன். வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறதே. உன் அண்ணன் நாற்காலியில் இருந்தபடியே, "அது மேல என்ன தப்பு? போட்டதத் தின்னுச்சு. போட்டது நாம" என்றார். முள்ளுக்கம்பி விடவில்லை. நாய்தானே, வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றார். அதற்கு உன் அண்ணன், "வேற நாய் வாங்கலாம். அவன் வந்து என் நாய் எங்கன்னு கேட்டா, அதுக்கு நான் எங்க போறது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

மாட்டு டாக்டர் வந்து அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தார். ஒரு நாயைக் கொன்றால் நோய் போகாது, சுற்று வட்டாரத்து நாய்கள் எல்லாம் மேய்ச்சல் நிலத்தில்தானே அலைகின்றன என்றார். கம்பளிக் கொட்டகைக்கு எல்லாரும் தங்கள் தங்கள் நாயோடு வரச் சொல்லி, எடை பார்த்துப் பூச்சி மாத்திரை கொடுத்தார். அன்றைக்கு அங்கே நடந்த குரைப்பையும் கடியையும் நீ பார்த்திருக்க வேண்டும். வாத்தியார் மாத்திரையை மூன்று தரம் துப்பியது. நாலாவது தரம் உன் அண்ணன் வெண்ணெயில் உருட்டிக் கொடுத்தார், விழுங்கிவிட்டது. முள்ளுக்கம்பி தன் நாய்களில் ஒன்றைக்கூட விடாமல் எல்லாவற்றையும் கூட்டி வந்திருந்தார். மாத்திரை கொடுத்த பிறகு கொஞ்ச நாள் நாயைக் கட்டிப்போட்டு, மலத்தை அள்ளி எரித்தோம். இனிமேல் தவணை தவறாமல் கொடுக்க வேண்டும். ஆட்டுக் கழிவுக்கு ஆழமாகக் குழி வெட்டி, நாய் தோண்ட முடியாதபடி மேலே கனத்த மூடி போட்டாயிற்று. நாய்க்குக் கொடுப்பதென்றால் நன்றாக வேகவைத்துத்தான். கொட்டகை வாசலில் சோப்பு தொங்குகிறது. நாயைத் தொட்ட கை அதைத் தொடாமல் வீட்டுக்குள் வரக் கூடாது. சின்னவள் இதில் போலீஸைவிடக் கடுமை.

ஆபரேஷன் அன்று காலையில் அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது, மேஸ்திரியைத் தனியாகக் கட்டு, தண்ணீர் வை என்று சொல்லிக்கொண்டே போனார். கதவு மூடிக்கொண்டது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே யாரோ ஒரு அம்மா ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். அந்த ஊசிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தேன். வாளி வந்தது, துணி வந்தது, யார் யாரோ வந்தார்கள். அந்த அம்மா பின்னலை நிறுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு, விடவே இல்லை. யார் என்று இன்றுவரை தெரியாது.

கடைசியில் டாக்டரம்மாவே வந்தார். தொப்பி நனைந்திருந்தது. "உடையாம எடுத்துட்டோம். சுத்தமா வந்துடுச்சு" என்றார். அந்த அம்மாவின் கையை அப்போதுதான் விட்டேன். சுற்றிலும் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அடைத்துவைத்து, தண்ணீரை ஊசியால் உறிஞ்சி, பிறகு பையை உரித்து எடுத்தார்களாம். படம் காட்டினார். அவித்த முட்டையின் உள்தோல் மாதிரி வெள்ளையாக, மெல்லிசாக, உள்ளே திராட்சை மாதிரி குட்டிப் பைகள். இத்தனை நாள் எங்களை அழவைத்தது இதுவா என்று இருந்தது. இன்னும் கொஞ்ச காலம் மாத்திரை சாப்பிட வேண்டும், அவ்வப்போது போய்க் காட்ட வேண்டும். மற்றபடி பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இனிமேல் எழுதப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மயக்கம் தெளிந்ததும் அவர் முதலில் பேசியது என்ன தெரியுமா? நாக்கு குழற, "அவனுக்குப் பாத்தாச்சா?" என்றார். மேஸ்திரியைக் கேட்கிறார் என்று நினைத்து, தண்ணீர் வைத்தாயிற்று, தீனி போட்டாயிற்று என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். "அவனுக்கு. அவன்தான நாயோடயே படுத்துக் கிடந்தான்." அப்போதுதான் புரிந்தது. டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார், வீட்டில் நாயோடு புழங்கினவர்கள் எல்லாருக்கும் ஒரு தடவை ஸ்கேன் பார்த்துவிடுங்கள் என்று. எனக்கும் சின்னவளுக்கும் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை. வயிற்றில் தடவின பசை கூச்சமாக இருக்கிறது என்று அவள் சிரித்த சிரிப்பில் படமே இரண்டு தடவை எடுக்க வேண்டியதாயிற்று. மிச்சம் இருப்பது நீ மட்டும்தான்.

அடுத்த துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது இறங்கிப் போய் ஒரு ஸ்கேன் எடுத்துவிடு. நாய், ஆடு, தண்ணீர்ப் பை என்று அந்த டாக்டரிடம் சொல், அவர்களுக்குப் புரியும். வலி கிடையாது. நாயோடு இருந்த எல்லாருக்கும் வந்துவிடாது என்றுதான் டாக்டரம்மாவும் சொல்கிறார். அப்படியே இருந்தாலும் ஆரம்பத்திலேயே தெரிந்தால் பல பேருக்கு மாத்திரையே போதுமாம். ஆகையால் பயந்துகொண்டு போகாதே, போகாமலும் இருந்துவிடாதே.

பட்டியை விட்டுக் கப்பலுக்குப் போகிறேன் என்று நீ சொன்ன நாளில், வேலிப் படல் அருகே நின்று நீங்கள் இரண்டு பேரும் பேசிய பேச்சை நான் மறுபடி எடுக்கப்போவதில்லை. போகிறவன் போகட்டும் என்று அவரும், இனி இந்தப் பக்கம் திரும்ப மாட்டேன் என்று நீயும் சொன்னது அந்த ஆடுகளுக்கே மறந்துபோயிருக்கும். அதற்குப் பிறகு நீ போன் செய்யும்போதெல்லாம் என்னோடும் சின்னவளோடும் பேசி வைத்துவிடுகிறாய். அவர் எழுந்து வெளியே போவார். போய், சன்னலுக்கு அந்தப் பக்கம், நம் பேச்சு கேட்கிற தூரத்தில்தான் நிற்பார். நான் இதுவரைக்கும் உனக்குச் சொன்னதில்லை. அவருக்கும் நான் பார்த்தது தெரியாது.

உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். ஸ்கேன் முடிவு வந்ததும் அதை எனக்குச் சொல்லாதே. சின்னவளிடமும் சொல்லாதே. போன் மணி அடித்தால் நான் பட்டியில் இருப்பேன், எடுக்க மாட்டேன். அவர்தான் எடுப்பார். "எனக்கு ஒண்ணும் இல்லண்ணா" என்று உன் வாயால் அவரிடம் சொல். அவர் "ம்" என்று மட்டும்தான் சொல்வார். நீ உடனே வைத்துவிடாதே. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிரு.

கடல் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. நோய் நொடி இல்லாமல் நூறு வயது இரு.

உன் வரவுக்கும் குரலுக்கும் காத்திருக்கும்,
அண்ணி